36 ஆண்டு ஆயுள்: ரயில் எஞ்சின் எப்போது கிழடாகிறது?

டில்லியில் ஒரு டீசல் காருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் 10 ஆண்டு. பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் போட்ட இந்த வரம்பை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. அதன்பின் வழக்குகளும் வந்தன, தளர்வுகளும் வந்தன. அதே நகரத்துக்குள் வந்துபோகும் டீசல் ரயில் எஞ்சினுக்கோ ரயில்வே எழுதி வைத்திருக்கும் ஆயுள் 36 ஆண்டு. மின்சார எஞ்சினுக்கு 35. நீராவி எஞ்சினுக்கு 40 என்று இருந்தது. 'கோடல் ஆயுள்' என்று ரயில்வேயில் வழங்கும் இந்தக் கணக்கு, குறித்த நாளில் எஞ்சின் நின்றுவிட வேண்டும் என்று சொல்வதில்லை. போட்ட முதலை எத்தனை ஆண்டில் தேய்மானமாகக் கழிப்பது, மாற்று எஞ்சினுக்கு எப்போது பணம் ஒதுக்குவது என்பதற்கான எல்லைக்கோடு அது. அந்தக் கோட்டைத் தாண்டி ஓடிய எஞ்சின்கள் உண்டு. அதற்கு வெகுமுன்பே கண்டம் செய்யப்பட்டு பழைய இரும்பாக விலைபோனவையும் உண்டு. இந்திய ரயில்வேயின் வரலாற்றைத் திருப்பிப் போட்டது இரண்டாவது வகைதான்.

இந்த வயது வரிசை முழுவதையும் ஒரே வட்டாரத்தில் பார்த்துவிட ஏற்ற இடம் தெற்கு டில்லியின் ஐ.என்.ஏ. மார்க்கெட். வாழையிலை, கறிவேப்பிலை, கடல்மீன் என்று டில்லிவாழ் தமிழரும் மலையாளிகளும் தேடி வரும் சந்தை அது. அங்குள்ள மெட்ரோ நிலையத்தில் 2010 செப்டம்பரில் மஞ்சள் தடமும் 2018 ஆகஸ்டில் இளஞ்சிவப்புத் தடமும் திறக்கப்பட்டன. மெட்ரோவுக்குத் தனி எஞ்சின் கிடையாது. பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார்கள். மேலே சந்தைக்கு அக்கம்பக்கத்தில் லோதி காலனி, சரோஜினி நகர் நிலையங்கள் வழியாக டில்லி வட்ட ரயில் பாதை ஓடுகிறது. சரக்கு வண்டிகள் நகரின் நெரிசலான நிலையங்களுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போவதற்காக 1975இல் போடப்பட்ட 35 கி.மீ. பாதை, 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மேம்படுத்தப்பட்டது. மேற்கே சில கிலோமீட்டரில் சாணக்யபுரி. அங்கே 1977இல் தொடங்கிய தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் 19ஆம் நூற்றாண்டு எஞ்சின்கள் வரிசையாக நிற்கின்றன. அஜ்மீரில் 1895இல் முழுக்க இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் எஞ்சினான எஃப்-734 அவற்றுள் ஒன்று.

அந்த அருங்காட்சியகத்தோடு சேர்த்தே பேசப்படும் பெயர் 'ஃபேரி குயின்'. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் கட்டப்பட்டு அதே ஆண்டு கல்கத்தா வந்தது. ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயில் 22ஆம் எண். 130 குதிரைத்திறன், மணிக்கு 40 கி.மீ. வேகம். 1909இல் வேலையை விட்டு ஒதுக்கப்பட்டது. 88 ஆண்டுகளுக்குப் பிறகு, 1997இல், சென்னை பெரம்பூர் லோகோ பணிமனைக்காரர்கள் அதைப் பிரித்து மேய்ந்து மறுபடி ஓடவைத்தார்கள். டில்லியிலிருந்து ஆல்வாருக்குச் சுற்றுலா வண்டியை இழுத்தது. முறையாக ஓடும் உலகின் மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று 1998இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதற்கு முந்தைய எண்ணான ஈ.ஐ.ஆர்.-21ஐயும் பெரம்பூர்தான் 2010இல் உயிர்ப்பித்தது.

142 வயது எஞ்சின் ஓடியதில் அதிசயம் எதுவும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. நீராவி எஞ்சினில் தேயாத பாகம் கிடையாது, மாற்ற முடியாத பாகமும் கிடையாது. கொதிகலன் குழாய்கள் அரித்தால் புதுக் குழாய். சக்கரத்தின் மேல்வளையம் தேய்ந்தால் புது வளையம். கொதிகலனே போனால் இன்னொரு கொதிகலன். நல்ல பணிமனையும் பணமும் இருந்தால் இரும்புக்கு முதுமை என்று ஒன்று இல்லை. அப்படியானால் ஆயிரக்கணக்கான நீராவி எஞ்சின்கள் ஏன் உடைத்து விற்கப்பட்டன? அவற்றை ஓட்ட முடியாததால் அல்ல. அதே வேலையைக் குறைந்த செலவில் செய்ய வேறொன்று வந்துவிட்டதால்.

நீராவி எஞ்சினில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு முதல் எட்டு பங்குதான் வண்டியை இழுக்கும் வேலையாக மாறுகிறது. மீதி புகைபோக்கி வழியாகவும், வேலை முடிந்து வெளியே விடப்படும் ஆவியாகவும் போய்விடும். வண்டி காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டுமென்றால் நள்ளிரவிலேயே நெருப்பு மூட்ட வேண்டும். ஓடாமல் நிற்கும்போதும் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். வழியெல்லாம் தண்ணீர் பிடிக்க வேண்டும். சாம்பல் தட்ட வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை கொதிகலனைக் குளிரவைத்து உள்ளே படிந்த உப்பைக் கழுவ வேண்டும். ஒரு டிரைவருக்குத் துணையாக கரி அள்ளிப்போட ஃபயர்மேன்கள். ஒரு எஞ்சின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஷெட்டுக்குப் போய்விடும். வண்டிக்கு வேறு எஞ்சின் பூட்ட வேண்டும். இதற்கெல்லாம் மேலே இன்னொரு செலவு: அந்த நிலக்கரியை நாட்டின் மூலைமுடுக்கில் இருந்த லோகோ ஷெட்டுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே ரயில்வேயின் வேலை. 1950-51இல் ரயில்வே ஏற்றிய சரக்கு 9.3 கோடி டன். அதில் கூலி கிடைத்த சரக்கு 7.32 கோடி டன் மட்டுமே. மீதமுள்ள ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டது ரயில்வேயின் சொந்தச் சரக்கு; அதில் எஞ்சினுக்கான கரிக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்த ஆண்டின் எஞ்சின் கணக்கை அரை நூற்றாண்டு கழித்து எடுத்த கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். 1950-51இல் இந்திய ரயில்வேயிடம் இருந்தவை மொத்தம் 8,209 எஞ்சின்கள்: நீராவி 8,120, டீசல் 17, மின்சாரம் 72. 2000-01இல் மொத்தம் 7,566: நீராவி 54, டீசல் 4,702, மின்சாரம் 2,810. எஞ்சின்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. கூலிச் சரக்கோ 7.32 கோடி டன்னிலிருந்து 47.35 கோடி டன்னாக, ஆறு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. பயணிகள் எண்ணிக்கை 128 கோடியிலிருந்து 483 கோடி. வேகன்கள் பெரிதானது, பாதை இரட்டையானது, சிக்னல் மாறியது என்று மற்றவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் முன்பைவிடக் குறைந்த எஞ்சின்களைக் கொண்டு இவ்வளவு வேலை நடந்ததற்கு முதல் காரணம் எஞ்சினின் வகை மாறியதுதான்.

சுதந்திரம் வந்தபோது கிடைத்த எஞ்சின்களில் பல, வயது கடந்தவை. இரண்டாம் உலகப் போரில் ஓய்வின்றி ஓடிக் களைத்தவை. அதனால்தான் 1950 ஜனவரி 26 அன்று, குடியரசு பிறந்த அதே நாளில், சித்தரஞ்சன் லோகோ தொழிற்சாலையும் வேலையைத் தொடங்கியது. அதன் முதல் எஞ்சின் 'தேசபந்து'வை அந்த ஆண்டு நவம்பர் 1இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அர்ப்பணித்தார். அந்த ஆலை அகலப் பாதைக்குக் கட்டிய கடைசி நீராவி எஞ்சினுக்கு 'அந்திம் சிதாரா', அதாவது கடைசி நட்சத்திரம், என்று பெயர். வெளிவந்த ஆண்டு 1970. கோடல் கணக்குப்படி அது 2010 வரை ஓடியிருக்கலாம். ஆனால் அகலப் பாதையில் அன்றாட நீராவிச் சேவை 1995 டிசம்பர் 6 அன்று ஃபிரோஸ்பூர்–ஜலந்தர் வண்டியோடு முடிந்துபோனது. கடைசியாகக் கட்டியவற்றுக்கு அப்போது 25 வயது. உடலில் வலு இருந்தது. ஊரில் வேலை இல்லை.

நீராவியின் இடத்தைப் பிடித்தது டபிள்யூ.டி.எம்.-2 என்ற டீசல். (இந்தப் பெயர்கள் புதிர்போலத் தோன்றினாலும் எளியவை. முதல் எழுத்து டபிள்யூ என்றால் அகலப் பாதை. அடுத்தது டி என்றால் டீசல், ஏ என்றால் மாற்று மின்னோட்டம். மூன்றாவது எழுத்து வேலையைச் சொல்லும்: பி பயணி வண்டி, ஜி சரக்கு, எம் இரண்டும்.) அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பு, 2,600 குதிரைத்திறன். முதலில் இறக்குமதியாகி, 1964 ஜனவரியில் வாரணாசி டீசல் லோகோ ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. ஆல்கோ 1969இலேயே எஞ்சின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. வாரணாசி மட்டும் அதே குடும்பத்து எஞ்சின்களைக் கட்டிக்கொண்டே இருந்தது, டபிள்யூ.டி.எம்.-2 வகை 1998 வரை, 2,600க்கும் மேல். வடிவமைத்த நிறுவனம் கடையைக் கட்டிய பிறகு முப்பது ஆண்டு அதன் சரக்கை உற்பத்தி செய்த நாடு உலகில் அதிகம் இருக்க முடியாது. ஆளுக்குத் தெரிந்த எஞ்சின், உதிரிபாகம் எந்த ஷெட்டிலும் கிடைக்கும் என்பதெல்லாம் பெரிய வசதி. அதற்குக் கொடுத்த விலை, உலகம் வேறெங்கோ போய்விட்ட பிறகும் அறுபதுகளின் திறனிலேயே நின்றது.

ஒரு எஞ்சினின் வயதையும் அது பிறந்த வடிவமைப்பின் வயதையும் தனித்தனியாக எண்ண வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1998இல் கட்டிய டபிள்யூ.டி.எம்.-2க்கு ஏட்டில் வயது பூஜ்யம். உண்மையில் அது 1962இன் எஞ்சின். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 1981இல் பஞ்சாபின் பாட்டியாலாவில் டீசல் நவீனமயமாக்கல் ஆலை வந்தது. சுமார் 18 ஆண்டு ஓடிய எஞ்சினை அங்கே எலும்புக்கூடு வரை கழற்றி, புதிய டர்போசார்ஜர், மேம்பட்ட எரிபொருள் பம்ப் முதலியவை வைத்து, 2,600 குதிரைத்திறனை 3,100 ஆக்கி மறுபடி ஷெட்டுக்கு அனுப்பினார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனையும் தெற்கு ரயில்வேயின் டீசல்களுக்குக் காலமுறை மராமத்து பார்த்து வந்தது. அரை ஆயுளில் செய்யும் இந்த வேலை, புது எஞ்சின் வாங்குவதைவிடப் பல மடங்கு மலிவு.

ஆல்கோ எஞ்சின்களின் பெரிய பலவீனம் ஓடும்போது தெரியாது; நிற்கும்போது தெரியும். அணைத்தால் மறுபடி கிளப்புவது சிரமம் என்பதால் மணிக்கணக்கில் சும்மா நின்றாலும் எஞ்சினை அணைக்க மாட்டார்கள். அப்படி உறுமிக்கொண்டே நிற்கையில் மணிக்கு 20 லிட்டருக்கு மேல் டீசல் போகும். பிற்காலத்தில் ஒரு சிறிய துணை எஞ்சினைப் பொருத்தி, பெரிய எஞ்சினை அணைத்துவிட்டு பேட்டரியையும் பிரேக் காற்றழுத்தத்தையும் மட்டும் காப்பாற்றச் செய்தார்கள். அது குடிப்பது மணிக்குச் சில லிட்டர். 36 வயது, 26 வயது என்ற பேச்சைவிட இந்த ஒரு மாற்றம் எரிபொருள் கணக்கில் அதிகம் பேசும். தொண்ணூறுகளின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்பில் 4,000 குதிரைத்திறன் டீசல்கள் வந்தன. ஆல்கோவை மாதம் ஒருமுறையாவது ஷெட்டுக்குள் இழுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. புதியவற்றுக்கு 90 நாளுக்கு ஒருமுறை போதும். ஷெட்டில் நிற்காத ஒவ்வொரு நாளும் எஞ்சின் சம்பாதிக்கும் நாள்.

மின்சாரத்தின் கதை இதற்கெல்லாம் முந்தையது. 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாயிலும், 1931 மே மாதம் சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையிலும் மின் ரயில்கள் ஓடத் தொடங்கின. இரண்டும் 1,500 வோல்ட் நேர் மின்னோட்டம். ஐம்பதுகளின் இறுதியில் பிரெஞ்சு ரயில்வேயின் வழியில் 25,000 வோல்ட் மாற்று மின்னோட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் பிறகு நாற்பது ஆண்டு காலம் இந்தியாவின் மாற்று மின்னோட்ட எஞ்சின்கள் பெரும்பாலும் ஒரே அடிப்படையில் இயங்கின. மேல்கம்பியிலிருந்து வரும் மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மரில் படிப்படியாகக் கூட்டிக் குறைத்து, நேர் மின்னோட்டமாக்கி மோட்டாருக்குக் கொடுப்பது. டிரைவர் ஒரு படி ஏற்றினால் இழுவை ஒரு குலுக்கலோடு கூடும். சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தைப் பற்றும் திறனும் இந்த முறையில் குறைவு. மோட்டாருக்குள் தேயும் கரித்துண்டுகளை அடிக்கடி மாற்ற வேண்டும்.

1993 ஜூலையில் ஏ.பி.பி. நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் இந்தப் பாணியை மாற்றியது. 33 எஞ்சின்களோடு தொழில்நுட்பமும் வந்தது. மூன்று கட்ட மாற்று மின்னோட்ட மோட்டார், கரித்துண்டு கிடையாது, மின்னணுக் கட்டுப்பாட்டால் படியில்லாத சீரான இழுவை. சித்தரஞ்சனில் அந்த வகையின் முதல் எஞ்சினான 'நவ்யுக்' 1998இல் பிறந்தது. இவ்வகையின் பெரிய வரம் பிரேக்கில் இருக்கிறது. பழைய எஞ்சினில் பிரேக் போட்டால் ஓட்டத்தின் சக்தியெல்லாம் சூடாகி வீணாகும். புதிய எஞ்சினில் அதே மோட்டார்கள் ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தை மேல்கம்பிக்கே திருப்பி அனுப்புகின்றன. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தில் ஏற்றம் ஏறும் வண்டி அதை எடுத்துக்கொள்ளும். இவ்வகையைச் சேர்ந்த டபிள்யூ.ஏ.பி.-7, இழுப்பதோடு நிற்காமல் பெட்டிகளின் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் தானே மின்சாரம் தருகிறது. முன்பு அதற்காகவே வண்டியின் முன்னும் பின்னும் காதைப் பிளக்கும் டீசல் ஜெனரேட்டர் பெட்டிகள் மாட்டப்பட்டிருந்தன.

டில்லித் தமிழர் நன்கு அறிந்த வண்டி ஒன்றில் இந்த வரலாறு சுருக்கமாகத் தெரியும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976 ஆகஸ்ட் 7 அன்று டீசல் எஞ்சினோடு தொடங்கியது. பெட்டிகள் கூடியபோது ஒரு டீசல் போதாமல் இரண்டு டபிள்யூ.டி.எம்.-2களைச் சேர்த்துப் பூட்டி இழுத்தார்கள். இரண்டும் சேர்ந்து 5,200 குதிரைத்திறன். பிறகு பாதை முழுவதும் மின்மயமானதும் மின்சார எஞ்சின்கள் வந்தன. இன்று 6,350 குதிரைத்திறன் கொண்ட ஒரே ஒரு டபிள்யூ.ஏ.பி.-7 சென்னைக்கும் புதுடில்லிக்கும் இடையிலுள்ள சுமார் 2,180 கி.மீ. தூரத்தையும் இழுத்துவிடும். ஒரு வண்டிக்கு இரண்டு எஞ்சின் என்பது ஒன்றானது மட்டும் அல்ல. வழியில் எரிபொருள் நிரப்புதலும் எஞ்சின் மாற்றுதலும் ஒழிந்தன.

மின்சார எஞ்சின் கம்பியிலிருந்து எடுப்பதில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. டீசல் எஞ்சினில் எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தை அடைகிறது. இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்து மின்சாரம் மூன்று மடங்கு சிக்கனம் என்று எழுதுவது வழக்கம். அது நியாயமான கணக்கு அல்ல. மின்சாரம் எங்கிருந்தோ வர வேண்டும். நிலக்கரி அனல்மின் நிலையமே வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. கம்பி வழியில் கொஞ்சம் போகும். சுரங்கத்திலிருந்து சக்கரம் வரை பார்த்தால் நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் எஞ்சினும் நல்ல டீசல் எஞ்சினும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும். டில்லிக்கு இது நேரில் தெரிந்த விஷயம்: துக்ளகாபாத் லோகோ ஷெட்டிலிருந்து அதிக தூரமில்லாத பதர்பூர் அனல்மின் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்படும் வரை, புகை எஞ்சினில் இல்லாமல் மின் நிலையப் புகைபோக்கியில் இருந்தது, அவ்வளவுதான். மின்சாரத்தின் உண்மையான லாபம் வேறு. இறக்குமதி எண்ணெய் மிச்சம். பிரேக்கில் திரும்பும் மின்சாரம் மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, மின் நிலையம் சூரியசக்திக்கு மாறினால் பழைய எஞ்சினும் அதோடு சேர்ந்து மாறிவிடும். 20 வயது டீசல் எஞ்சின் 20 வயது மாசையே தரும். 20 வயது மின் எஞ்சின் தரும் மாசு, அன்றைய மின் நிலையத்தைப் பொறுத்தது.

2014க்குப் பிறகு நடந்த மின்மயமாக்கலின் வேகம் எஞ்சின் கணக்கைத் தலைகீழாக்கியது. அதுவரை மின்மயமான பாதை ஏறக்குறைய 21,800 கி.மீ. அடுத்த பத்தே ஆண்டில் அகலப் பாதையில் நூற்றுக்கு 97 பங்கு மின்கம்பியின்கீழ் வந்துவிட்டது. 2019-20இல் டீசல் 5,898, மின்சாரம் 6,792 என்று இருந்த கணக்கில் பிறகு ஆண்டுக்கு ஆண்டு டீசல் தேய்ந்து மின்சாரம் ஏறியது. 2024-25இல் மட்டும் நாட்டின் ஆலைகள் 1,681 எஞ்சின்களைக் கட்டின. சித்தரஞ்சனின் பங்கு 700. வாரணாசியும் பாட்டியாலாவும் டீசலை விட்டு மின்சாரத்துக்கு மாறி, பெயரிலிருந்தும் டீசலை எடுத்துவிட்டன. இந்த வேகத்தில் சேரும்போது ஒட்டுமொத்த எஞ்சின்களின் சராசரி வயது தானாகவே இறங்கும். அதைக் கண்டு அதிகம் மகிழ்வதற்கில்லை. சராசரி என்பது இரண்டு விஷயங்களை மறைக்கிறது.

ஒன்று, 1984இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட டபிள்யூ.ஏ.ஜி.-5 போன்ற பழைய மின் எஞ்சின்கள். இவற்றின் முதல் தொகுதிகள் 35 ஆண்டைக் கடந்துவிட்டன. 3,850 குதிரைத்திறன், பிரேக்கில் மின்சாரம் திரும்பாது. இன்னொன்று, ஆயுள் மிச்சமிருந்தும் வேலை குறைந்த டீசல்கள். முன்பு நீராவிக்கு நடந்ததே இப்போது டீசலுக்கு நடக்கிறது. 2020 ஜூலையில் இந்தியா வங்கதேசத்துக்கு 10 டீசல் எஞ்சின்களைக் கொடுத்தபோது, அவற்றுக்கு இன்னும் 28 ஆண்டோ அதற்கு மேலோ ஆயுள் இருப்பதாக அறிவித்தது. 2023 மே மாதம் மேலும் 20 போயின. வாரணாசியில் 2018இல் இரண்டு பழைய டீசல்களை இணைத்து 10,000 குதிரைத்திறன் மின் எஞ்சினாக மாற்றிக் காட்டினார்கள். சோதனையாக வெற்றி, ஆனால் சிலவற்றோடு நின்றது. புயல், வெள்ளத்தில் மின்கம்பி அறுந்தால் கைகொடுக்கவும் எல்லைப் பகுதிகளுக்காகவும் ஓரளவு டீசல் எஞ்சின்கள் என்றும் தேவைப்படும். ஆனால் 2015இல் பீகாரின் மர்ஹோராவில் 1,000 டீசல் எஞ்சின்களுக்கும், மாதேபுராவில் 800 மின் எஞ்சின்களுக்கும் ஒரே ஆண்டில் ஒப்பந்தம் போட்டது தொலைநோக்கு என்று சொல்லக் கடினம். மர்ஹோரா இப்போது ஏற்றுமதியில் வழி தேடிக்கொண்டிருக்கிறது. 2025இல் அதன் எஞ்சின்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக்குப் புறப்பட்டன.

வயதானதை வைத்துக்கொண்டே காலம் தள்ளும் நாடுகளும் உண்டு. கொழும்புத் திட்ட உதவியாக 1954 முதல் இலங்கைக்கு வந்த எம்-2 டீசல்களுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை இழுத்த வகைகளில் அதுவும் ஒன்று. அறுபது ஆண்டு கடந்தும் அவற்றில் சில ஓடிக்கொண்டிருந்தன. எளிய அமைப்பு, கற்றுக்கொண்ட கைகள், மாற்று வாங்கப் பணமின்மை மூன்றும் சேர்ந்த ஆயுள் அது. பிரிட்டனில் அறுபதுகளில் கட்டிய 'கிளாஸ் 37' டீசல்கள் தனியார் நிறுவனங்களிடம் இன்னும் வேலை பார்க்கின்றன. இதற்கு எதிர்த்திசையில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா 2023இல் ஒரு விதி கொண்டுவந்தது: 23 வயதான டீசல் எஞ்சின் 2030 முதல் அந்த மாநிலத்துக்குள் ஓடக்கூடாது. டில்லியின் கார் விதியைப் போன்றே வயதை மட்டும் பார்த்த விதி. மத்திய அரசின் அனுமதி கேட்ட விண்ணப்பத்தை 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவே திரும்பப் பெற்றது.

எஞ்சினைப் புதிதாக்கினால் திறன் கூடிவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்தியாவிலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. சரக்கு வண்டிகளின் சராசரி வேகம் பல பத்தாண்டுகளாக மணிக்கு 25 கி.மீ. அளவிலேயே நிற்கிறது. 2,600 குதிரைத்திறன் 6,000 ஆனது, வேகமுள் நகரவில்லை. பயணி வண்டிக்கு வழிவிட்டு லூப் லைனில் காத்திருக்கும் எஞ்சின் எந்த வருடத்தில் பிறந்தால் என்ன? மாதேபுராவில் கட்டும் 12,000 குதிரைத்திறன் டபிள்யூ.ஏ.ஜி.-12பி, 2020 மே மாதம் ஓடத் தொடங்கியது. அதன் முழுத் திறனும் வெளிப்படுவது சரக்குக்கென்றே போட்ட தனிப் பாதைகளில்தான். எஞ்சினின் உழைப்பை ரயில்வே அளக்கும் முறையும் இதையே சொல்கிறது: ஒரு எஞ்சின் ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஆயிரம் மொத்த டன்னை ஒரு கிலோமீட்டர் நகர்த்த எவ்வளவு டீசல் அல்லது எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது. இந்த இரண்டு அளவிலும் வயது என்ற கட்டமே இல்லை.

வடிவமைப்பு நன்றாக இருந்தால் வயது தடையாவதில்லை என்பதற்கும் டில்லியே சாட்சி. 2016 ஏப்ரல் 5 அன்று ஹஜ்ரத் நிஜாமுதீனிலிருந்து ஆக்ராவுக்கு மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் கதிமான் எக்ஸ்பிரஸ் தொடங்கியபோது, நாட்டின் மிக வேகமான அந்த வண்டியை இழுத்தது 1995இல் இறக்குமதியாகத் தொடங்கிய டபிள்யூ.ஏ.பி.-5 வகை. மறுபுறம், புதியதெல்லாம் சிக்கனம் என்றும் இல்லை. நீலகிரி மலை ரயிலுக்காகப் பொன்மலைப் பணிமனை 2011 முதல் நீராவி எஞ்சின்களைப் புதிதாகக் கட்டி வருகிறது; 2021இல் கட்டியது நிலக்கரியில் ஓடுவது. நாட்டின் மிக இளைய நீராவி எஞ்சின்களில் ஒன்றான அதன் வெப்பத் திறன் ஃபேரி குயினின் காலத்திலிருந்து அதிகம் முன்னேறியிருக்க முடியாது. பாரம்பரியத்துக்காகத் தெரிந்தே ஏற்ற செலவு அது; குறை சொல்வதற்கில்லை.

எஞ்சினின் வயதையும் திறனையும் சேர்த்தே விலை பேசும் முறை இப்போது வந்திருக்கிறது. 2023 ஜனவரியில் சீமென்ஸ் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தப்படி, குஜராத்தின் தாஹோத் ஆலையில் 9,000 குதிரைத்திறன் சரக்கு மின் எஞ்சின்கள் 1,200 கட்டப்படுகின்றன. 11 ஆண்டில் எஞ்சின்களை ஒப்படைப்பதோடு அந்த நிறுவனத்தின் கடமை முடிவதில்லை. 35 ஆண்டுப் பராமரிப்பும் அதன் பொறுப்பே. எஞ்சின் பழுதாகி நின்றால் இனி நட்டம் ரயில்வேக்கு மட்டும் இல்லை. முதல் எஞ்சின் 2025 மே மாதம் வெளிவந்தது. கோடல் கணக்கில் அதன் ஆயுள் முடியும் ஆண்டு 2060.